மாதுளைத் தோட்டம் அபின் வயலாவது எப்படி? நெடும்போர் ஒரு நாட்டை மாற்றும் விதம் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஆப்கானிஸ்தானின் தெற்கே, கந்தஹார் நகரை ஒட்டி அர்கந்தாப் என்றொரு ஆற்றுப் பள்ளத்தாக்கு இருக்கிறது. மாதுளைக்குப் பேர் போன இடம். மாதுளைக் கன்று நட்டால் நன்றாகக் காய்க்க மூன்று நான்கு வருடம் ஆகும். அதன் பிறகு நட்டவரின் பிள்ளைகள் காலத்திலும் காய்க்கும். அதே மண்ணில் குளிர் தொடங்கும்போது கசகசா விதையைத் தூவினால், ஆறேழு மாதத்தில் காயைக் கீறி அபின் பால் எடுத்துவிடலாம். ஆமாம், நாம் குருமாவுக்கு அரைக்கிற கசகசாவைத் தருகிற அதே செடிதான்.

நாற்பது வருடப் போர் ஒரு நாட்டை என்ன செய்யும் என்று யாராவது கேட்டால், நான் இந்த இரண்டு பயிர்களைத்தான் காட்டுவேன். குண்டு விழுந்து கட்டடம் இடிவது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது, படமாகவும் வந்துவிடுகிறது. படத்தில் வராத சேதம் ஒன்று உண்டு. பலன் கிடைக்க வருடக்கணக்கில் ஆகிற எதையும் யாரும் தொடங்கத் துணியாமல் போவதுதான் அது. தோட்டம், வாய்க்கால், காடு, பள்ளிக்கூடம், ஊர்ப் பஞ்சாயத்தின் மேல் இருக்கிற மரியாதை எல்லாமே மெதுவாக வளர்கிறவை. போர் முதலில் இவற்றைத்தான் கொல்கிறது. காலியான இடத்தில் சீக்கிரம் காசு தருகிறவை முளைத்துக்கொள்கின்றன.

பழைய படங்களும் பாதி உண்மையும்

வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் படங்கள் சில உண்டு. 1970-களின் காபூல், குட்டைப் பாவாடை அணிந்து நடந்து போகிற கல்லூரிப் பெண்கள், இசைத்தட்டுக் கடை, நீண்ட முடி வைத்த வெள்ளைக்காரப் பயணிகள். "பார், எப்படி இருந்த நாடு!" என்று கீழே எழுதியிருக்கும். படங்கள் பொய்யில்லை. ஐரோப்பாவிலிருந்து தரை வழியாக இந்தியாவுக்கு வந்த இளைஞர்களுக்கு காபூல் பிடித்தமான தங்குமிடமாக இருந்தது. 1964 அரசியல் சாசனம் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது. அடுத்த வருடமே குப்ரா நூர்சாய் என்ற பெண்மணி சுகாதார அமைச்சரானார்.

ஆனால் அந்தப் படங்களில் இருப்பது தலைநகரின் சில தெருக்கள் மட்டுமே. நாட்டில் பெரும்பாலானோர் கிராமத்தில் இருந்தார்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். 1971, 72-இல் மழை பொய்த்தபோது பஞ்சத்தில் ஏராளமானோர் செத்தார்கள். அந்தப் பஞ்சத்தை அரசு கையாண்ட லட்சணமும் மன்னர் ஜாஹிர் ஷா பதவி இழந்ததற்கு ஒரு காரணம். ஆகவே "சொர்க்கம் நரகமானது" என்கிற கதையை நான் நம்புவதில்லை. ஏழை நாடுதான். ஆனால் அந்த ஏழ்மைக்குள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த சொத்து இருந்தது. காபூலுக்கு வடக்கே ஷொமாலி சமவெளி முழுக்கத் திராட்சைக் கொடிகள். உலகச் சந்தைக்குப் போன உலர் திராட்சையில் ஆப்கன் சரக்குக்குப் பெரிய இடம் இருந்தது. பாமியான் பக்கம் பந்த்-இ-அமீர் ஏரிகள், வெற்றுப் பாறைகளுக்கு நடுவே அடர் நீலத்தில். நம் ஊர் சாம்பாரில் விழும் பெருங்காயத்தின் பிசினும் பெரும்பாலும் அந்த மலைகளிலிருந்தும் ஈரானிலிருந்தும் வருவதுதான்.

நடந்தது என்ன, சுருக்கமாக

1973-இல் மன்னரை அவர் உறவினர் தாவூத் கான் நீக்கிவிட்டுக் குடியரசு என்று அறிவித்தார். 1978 ஏப்ரலில் கம்யூனிஸ்டுகள் தாவூதையும் அவர் குடும்பத்தாரையும் கொன்று ஆட்சியைப் பிடித்தார்கள். நிலச் சீர்திருத்தத்தை ஆணை போட்டு ஒரே மூச்சில் நடத்தப் பார்த்தார்கள். எதிர்த்தவர்கள் சிறைக்குப் போனார்கள், பலர் திரும்பவில்லை. கிராமங்கள் கிளர்ந்தன. 1979 டிசம்பரில் சோவியத் படை உள்ளே வந்தது. அமெரிக்காவும் சவுதியும் பணமும் ஆயுதமும் கொடுக்க, பாகிஸ்தான் அதைப் பங்கிட, முஜாஹிதீன் எனப்பட்ட இஸ்லாமியப் போராளிக் குழுக்கள் சண்டையிட்டன. சோவியத் படை 1989 பிப்ரவரியில் வெளியேறியது. 1992-இல் காபூலுக்குள் வந்த முஜாஹிதீன்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள். 1996-இல் தாலிபான். 2001 அக்டோபரில் அமெரிக்கா. 2021 ஆகஸ்டில் மறுபடியும் தாலிபான்.

இதில் ஒரு விசித்திரத்தைச் சொல்லாமல் போக முடியவில்லை. 1950, 60-களில் அமெரிக்காவும் சோவியத்தும் போட்டி போட்டுக்கொண்டு அந்நாட்டுக்கு உதவின. ஒருவர் ஹெல்மந்தில் அணை கட்டிக் கொடுத்தார், மற்றவர் இந்துகுஷ் மலையைக் குடைந்து சலாங் சுரங்கப் பாதை போட்டுக் கொடுத்தார். 1964-இல் திறந்த அந்தச் சுரங்கம் வழியாகத்தான் 1979-இல் சோவியத் டாங்கிகள் இறங்கின. அணை கட்டிய ஹெல்மந்தோ பின்னாளில் உலகிலேயே அதிகமாக அபின் விளையும் மாகாணமானது.

தண்ணீர் போன வழி

போர் எப்படி மண்ணுக்குள் இறங்குகிறது என்று புரிந்துகொள்ள, காரேஸைத் தெரிந்துகொள்ள வேண்டும். மலையடிவாரத்தில் ஆழமாக ஒரு தாய்க்கிணறு தோண்டுவார்கள். அங்கே ஊறும் நீரை, நிலத்துக்கு அடியில் மெல்லிய சரிவில் குடைந்த கால்வாய் வழியே கிலோமீட்டர் கணக்கில் ஊருக்குக் கொண்டு வருவார்கள். வழி நெடுக, மண்ணை வெளியே எடுக்கவும் உள்ளே காற்று போகவும் கிணறு போன்ற துவாரங்கள். மோட்டார் வேண்டாம், டீசல் வேண்டாம். தண்ணீர் தானாக ஓடி வரும், வெயிலில் ஆவியாவதும் குறைவு. இத்தனை வசதிக்கும் நிபந்தனை ஒன்றுதான். வருடா வருடம் ஊரே கூடித் தூர்வார வேண்டும். யாருக்கு எந்த முறை, எவ்வளவு நேரம் தண்ணீர் என்பதை மீராப் என்கிற நீர் நிர்வாகி முடிவு செய்வார். நம் ஊரில் ஏரிப் பாசனத்துக்கு நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தாரே, ஏறக்குறைய அதே வேலை.

1980-களில் சோவியத் விமானங்கள் கிராமங்களைக் குறிவைத்தன. போராளிகளுக்குச் சோறும் ஒளிவிடமும் கொடுப்பது கிராமம்தான், அதைக் காலி செய்தால் போராளி தனியாகிவிடுவான் என்பது கணக்கு. போராளிகள் காரேஸ் துவாரங்களில் ஒளிந்தார்கள் என்பதால் அவற்றிலும் வெடி வைக்கப்பட்டது. வெடி வைக்காத காரேஸும் தப்பவில்லை. தூர்வார ஆளில்லாமல் சில வருடங்களிலேயே மண் சரிந்து மூடிக்கொண்டது. 1990 வாக்கில் நாட்டை விட்டு வெளியே இருந்தவர்கள் 60 லட்சத்துக்கும் மேல். போருக்கு முன் மொத்த மக்கள்தொகையே ஒன்றரைக் கோடியைத் தாண்டாது.

திரும்பி வந்தவர்கள் என்ன செய்வார்கள்? காரேஸைச் சரிசெய்ய ஊர் முழுக்கத் திரும்ப வேண்டும், மீராப் சொன்னால் எல்லோரும் கேட்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. வசதி உள்ளவர் தன் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டார். முதலில் டீசல் பம்பு, பிறகு சோலார் பம்பு. ஹெல்மந்தில் வெறும் பாலைவனமாகக் கிடந்த நிலத்திலெல்லாம் இன்று சூரியத் தகடுகள் பளபளக்கின்றன. ஒவ்வொரு போர்வெல்லும் நிலத்தடி நீரைக் கீழே இழுக்க, பிழைத்திருந்த காரேஸ்களும் வறண்டன. இந்த இடத்தில்தான் என் வாதத்தின் சாரமே இருக்கிறது: அவசரத்துக்கு வந்த ஏற்பாடு, நிதானமாக இயங்கியதை மறுபடி எழவிடாமல் செய்துவிடுகிறது. அதன் பிறகு குண்டு போட ஆள் தேவையே இல்லை.

மரங்களின் கதையும் இதுவே. வடமேற்கில் பாத்கிஸ் மாகாணம் பிஸ்தா மரக் காடுகளுக்குப் பெயர் பெற்றது. பிஸ்தா ஒழுங்காகக் காய்க்க ஏழெட்டு வருடமாவது ஆகும். காவலர்கள் போனார்கள், கட்டுப்பாடு போனது. குளிருக்கு விறகு இல்லாத ஊரில் "நான் வெட்டாவிட்டால் எதிராளி வெட்டப்போகிறான்" என்ற எண்ணம் வந்துவிட்டால் எந்தக் காடும் நிற்காது. 1977-இல் செயற்கைக்கோள் படங்களில் பரந்து தெரிந்த பிஸ்தா காடுகள் 2002 படங்களில் ஏறக்குறைய கண்ணில் படவே இல்லை என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் பதிவு செய்தது. ஷொமாலியில் 1999-இல் தாலிபான்கள் வீடுகளை எரித்து, மரங்களையும் கொடிகளையும் வெட்டி, மக்களை விரட்டினார்கள். அர்கந்தாபில் கண்ணிவெடி நிறைந்திருந்த தாரோக் கொலாச்சே என்ற ஊரை 2010-இல் அமெரிக்கப் படை குண்டு போட்டுத் தரைமட்டமாக்கியது. சுற்றியிருந்த மாதுளைத் தோட்டங்களிலும் வெடிகள் புதைந்திருந்தன.

அபின் ஏன் ஜெயித்தது

"பேராசை" என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். ஒரு குத்தகை விவசாயியின் இடத்தில் நின்று பார்த்தால் கணக்கு வேறு. மாதுளை அழுகும், சந்தைக்குப் போகிற சாலையில் சோதனைச் சாவடிகள், ஒவ்வொன்றிலும் ஆயுதம் வைத்திருப்பவன் கை நீட்டுவான். எல்லை மூடினால் லாரியோடு சரக்கு போச்சு. அபின் பிசின் வருடக்கணக்கில் கெடாது. சின்ன மூட்டையில் அடங்கும். வியாபாரி வீட்டு வாசலுக்கே வந்து வாங்கிப் போவான். எல்லாவற்றையும்விட முக்கியம், முன்பணம் கிடைக்கும். வங்கி இல்லாத நாட்டில் குளிர்காலத்துச் சாப்பாட்டுக்குக் கடன் கொடுக்க அபின் வியாபாரி ஒருவன்தான் இருந்தான். அறுவடை விலையில் பாதி போலக் கணக்கிட்டு இப்போதே காசு கொடுப்பான். சலாம் என்று அந்த ஏற்பாட்டுக்குப் பெயர். பயிர் போனால் கடன் மட்டும் நிற்கும். அதை அடைக்க மகளைக் கட்டிக்கொடுத்த குடும்பங்களும் உண்டு.

போரால் பிழைக்கிற தொழில், போர் நிற்காமல் இருப்பதில் லாபம் காண்கிற ஆட்கள், இரண்டும் சேர்ந்ததைத்தான் போர்ப் பொருளாதாரம் என்கிறார்கள். வரி வாங்குகிற தாலிபான், பங்கு வாங்குகிற போலீஸ் அதிகாரி, லாரிக்காரர், கடன்காரர், எல்லோருக்கும் அதில் ஓர் இடம் இருந்தது. அமெரிக்கப் படை நாட்டில் இருந்தபோதே, 2017-இல், அபின் பயிரான பரப்பு 3,28,000 ஹெக்டேர். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பெரியவர் போய் கமாண்டர் வந்தார்

நிலத்தைப் போலவே அதிகாரமும் மாறியது. ஊர்ப் பெரியவர்கள் கூடி உட்கார்ந்து பேசித் தீர்க்கும் ஜிர்கா என்ற சபை பழைய ஏற்பாடு. அதில் குறை ஏராளம்; பெண்ணுக்கு அங்கே குரல் இல்லை, பணக்காரன் பக்கம் சாய்வதும் உண்டு. ஆனாலும் சண்டையை முடித்துவைக்க ஓர் இடம் இருந்தது. பாகிஸ்தானின் பெஷாவர் நகரைச் சுற்றியிருந்த அகதி முகாம்களில் அது சரிந்தது. அங்கே ரேஷன் கார்டு வாங்க வேண்டுமானால், பாகிஸ்தான் அங்கீகரித்த ஏழு முஜாஹிதீன் கட்சிகளில் ஒன்றில் பெயரைப் பதிய வேண்டியிருந்தது. மாவும் எண்ணெயும் கட்சி வழியே வந்தால், சொல்லும் கட்சிக்காரன் சொல்தான். துப்பாக்கியும் பணமும் கையில் இருந்த இருபத்தைந்து வயது கமாண்டர் முன்னால் எழுபது வயதுப் பெரியவர் எழுந்து நிற்கும் நிலை வந்தது. முகாமிலேயே பிறந்து, உழவும் தெரியாமல், மதரஸாவில் சோறும் இடமும் கிடைத்து வளர்ந்த பையன்களிலிருந்துதான் 1994-இல் உருவான தாலிபான் இயக்கத்துக்கு ஆள் சேர்ந்தது. மதத் தீவிரம் என்ற ஒற்றைக் காரணத்தில் இதை அடைப்பவர்களிடம் நான் இந்த ரேஷன் கார்டைப் பற்றித்தான் பேசுவேன்.

தலைநகரமும் தப்பவில்லை. சோவியத் காலம் முழுக்கப் பெரிய சேதமில்லாமல் இருந்த காபூல், 1992-க்குப் பிறகு சொந்த நாட்டுக் குழுக்கள் ஏவிய ராக்கெட்டுகளில் சிதைந்தது. 1979-இல் ஓடத் தொடங்கிய மின்சார ட்ராலி பஸ்கள் நின்றுபோயின. முகலாயப் பேரரசர் பாபர் புதைக்கப்பட்ட தோட்டத்தில் மரங்கள் வெட்டுப்பட்டன. 1993-இல் தேசிய அருங்காட்சியகத்தின் மேல் ராக்கெட் விழுந்தது. பெரும்பகுதி கொள்ளை போனது. 2001 மார்ச்சில் பாமியானின் இரண்டு பெரிய புத்தர் சிலைகளையும் தாலிபான்கள் தகர்த்தார்கள். பெரியது 55 மீட்டர் உயரம், ஆயிரத்து நானூறு வருடம் நின்றது.

ஆனால் அதே அருங்காட்சியகத்து ஊழியர்கள் செய்த காரியத்தைச் சொல்லியாக வேண்டும். 1978-இல் தில்யா தேபே என்ற இடத்தில் தோண்டியெடுத்த, இரண்டாயிரம் வருடம் பழைய தங்க அணிகள் இருபதாயிரத்துக்கும் மேல். 1980-களின் இறுதியில் அவற்றை அதிபர் மாளிகை வளாகத்தில் இருந்த மத்திய வங்கிப் பெட்டகத்தில் ரகசியமாக வைத்துப் பூட்டினார்கள். பதினைந்து வருடம் போல யாரும் வாய் திறக்கவில்லை. தாலிபான் போன பிறகு திறந்து பார்த்தால் எல்லாம் அப்படியே இருந்தது.

பணம் வந்தது, வேர் பிடிக்கவில்லை

2001-க்குப் பிறகான இருபது வருடத்தில் மறுகட்டமைப்புக்கென்று அமெரிக்கா மட்டும் ஏறக்குறைய 14,500 கோடி டாலர் ஒதுக்கியது. பள்ளிகள் வந்தன, செல்போன் வந்தது, பெண்கள் பாராளுமன்றத்தில் உட்கார்ந்தார்கள். இவை பொய்யில்லை. இந்தியாவும் ஹெராத்தில் சல்மா அணையையும் காபூலில் பாராளுமன்றக் கட்டடத்தையும் கட்டிக்கொடுத்தது. ஆனால் பணம் கொடுத்தவர்களும் அவசரக்காரர்களாக இருந்தார்கள். நிதியாண்டுக்குள் செலவழிக்க வேண்டும், அடுத்த தேர்தலுக்குள் முன்னேற்றம் காட்ட வேண்டும். சாலை போடுகிற கம்பெனி, அதைக் காவல் காக்கிற கமாண்டர், அவருக்குப் பங்கு என்று காசு சுற்றியது. அரசுச் செலவில் நான்கில் மூன்று பங்கு வெளிநாட்டுக் காசு. 2021 ஆகஸ்டில் அது நின்றவுடன் பொருளாதாரம் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கியது. அந்த இருபது வருடத்தில் நேரடியாகச் சண்டையில் செத்தவர்கள் ஒன்றே முக்கால் லட்சம் போல என்று அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வுத் திட்டம் மதிப்பிட்டது. சோவியத் காலத்தில் செத்த பொதுமக்களைப் பத்து லட்சத்தை ஒட்டிச் சொல்வது வழக்கம்.

அகதியாகப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஈரானிலிருந்து ஹெராத்துக்குத் திரும்பியவர்கள் குங்குமப்பூக் கிழங்குகளைக் கொண்டுவந்து நட்டார்கள். இன்று ஹெராத் குங்குமப்பூவுக்கு உலகச் சந்தையில் நல்ல விலை. பெஷாவர் முகாம்களிலிருந்து வந்தது கிரிக்கெட். 2023 உலகக் கோப்பையில் நம் சேப்பாக்கத்தில் ஆப்கானிஸ்தான் பாகிஸ்தானை எட்டு விக்கெட்டில் தோற்கடித்ததே, அந்த ஆட்டத்தின் வேர் பாகிஸ்தான் மண்ணில் இருந்த கூடாரங்களுக்கு நடுவே.

சண்டை ஓய்ந்த பிறகு

2021-க்குப் பிறகு உள்நாட்டில் பெரிய அளவில் போர் இல்லை. 2022 ஏப்ரலில் தாலிபான் அபின் பயிரைத் தடை செய்தது. ஐ.நா. கணக்குப்படி 2022-இல் 2,33,000 ஹெக்டேராக இருந்த பயிர் அடுத்த வருடம் 10,800 ஹெக்டேருக்கு இறங்கியது. விவசாயிகளின் கைக்கு வந்த அபின் காசு 136 கோடி டாலரிலிருந்து 11 கோடிக்கு வந்தது. பதிலுக்குப் பெரும்பாலோர் போட்டது கோதுமை. அதில் கிடைப்பது அபினில் கிடைத்ததன் ஒரு சிறு பங்கு. மாதுளையோ திராட்சையோ போடலாம்தான். காய்க்கிற வரை சாப்பிட என்ன வழி, கடன் யார் கொடுப்பது என்பதே கேள்வி.

மெதுவாக வளர்கிறவற்றுள் மிக மெதுவானது படிப்பு. 2021-க்குப் பிறகு பெண்பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடுகிறது. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகமும் மூடப்பட்டது. 2023-இல் பந்த்-இ-அமீர் ஏரிகளைப் பார்க்கக்கூடப் பெண்கள் போகக் கூடாது என்றார்கள். இவற்றில் எதற்கும் போரைக் காரணம் சொல்ல முடியாது, இது ஆட்சியாளர் எடுத்த முடிவு.

மருத்துவச்சிகள் விஷயத்தைப் பார்த்தால் இதன் கனம் புரியும். 2002-இல் அந்நாட்டில் லட்சம் பிரசவத்துக்கு 1,600 தாய்மார்கள் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. உலகிலேயே மிக மோசமான எண்களில் ஒன்று. அப்போது பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் நாடு முழுக்கச் சில நூறு பேர். அடுத்து வந்த வருடங்களில் அந்தந்த மாகாணத்துப் பெண்களையே தேர்ந்தெடுத்து, ஒன்றரை, இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து, அவர்கள் ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். 2020-இல் இறப்பு 600 சொச்சத்துக்கு இறங்கியிருந்தது. இத்தனை வருட வெளிநாட்டுக் காசில் உருப்படியாக வேர் பிடித்த சிலவற்றில் இதுவும் ஒன்று என்பது என் கருத்து. 2024 டிசம்பரில் மருத்துவச்சி, செவிலியர் பயிற்சி நிலையங்களில் பெண்கள் படிப்பதும் நிறுத்தப்பட்டது. பல கிராமங்களில் பிரசவத்துக்கு ஆண் மருத்துவரிடம் பெண்ணைக் காட்ட வீட்டார் சம்மதிப்பதில்லை. இப்போது வேலையில் இருக்கும் மருத்துவச்சிகள் ஓய்வு பெறும்போது அவர்கள் இடத்துக்கு வர யாரும் படித்துக்கொண்டிருக்கவில்லை.